பழைய பதிப்புக்கு ஒரு நாள் முந்திய விஜயதசமி

அடியே, ஒரு கிழவி மானம் போன கதையைத் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? வேறு வேலை இல்லையா? இல்லையென்றால் உட்கார், கேட்டுத் தொலை.

என் மாட்டுப்பெண் கம்ப்யூட்டர் மொழி ஒன்றின் பழைய பதிப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அந்த மொழி அடிக்கடி புதுசாக வருமாம். பழசை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காக, அதற்கு வேண்டிய சில்லறைப் பாகங்களை இவளும் முகம் தெரியாத சிலரும் சம்பளமில்லாமல் பழுது பார்ப்பார்கள். ஐந்தாம் கிளாஸோடு நின்ற எனக்கு இவ்வளவு புரிந்ததே அதிகம்.

போன நவராத்திரியில், புத்தகங்களைப் பூஜைக்கு வைக்கிற அஷ்டமி அன்று, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து லாப்டாப்பை எடுத்துப் புத்தகங்களுக்கு நடுவே திறந்து வைத்தேன். ஒவ்வொரு பொத்தானுக்கும் சந்தனப் பொட்டு. வைத்ததை விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கிற எங்கள் தெருவில் இந்தச் சட்டத்துக்கு நான்தான் போலீஸ்.

மறுநாள் மத்தியானம் ஃபோனும் கையுமாகப் பூஜை அறை வாசலில் நின்றாள்.

"அம்மா, லாப்டாப்பை எடுத்துக்கட்டா?"

"எடுக்கப்படாது. நாளைக்குக் காலம்பற."

"மலைப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிம்மா. அங்க ரத்தம் பரிசோதிக்கற மெஷின் பழைய பதிப்புலயாக்கும் ஓடறது. அதுக்குள்ள ஒரு பாகத்துல, கண்டவா நுழையற மாதிரி ஓட்டைன்னு காலம்பறலேர்ந்து நிறுத்தி வச்சிருக்கா. ஓட்டையை அடைச்சாச்சு, இது சரிதான்னு நான் முத்திரை போட்டு அனுப்பணும். அந்த முத்திரை இதுல மட்டும்தான் இருக்கு."

"புதுசா மாத்திண்டா என்னவாம்?"

"மாத்தணும்னா மெஷினையே தூக்கிப் போடணும். அதுக்கு அவாளுக்கு வழியில்லை."

"பழசைக் கட்டிண்டு பிடிவாதம் பிடிக்கறவாளுக்கு நீ எதுக்கு உழைக்கணும்?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த ஆத்துல வேற என்ன பண்ணிண்டிருக்கேனாம்?"

அங்கே யாரோ ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இங்கே நான் சந்தனத்துக்குக் காவல். "தப்பு என்னோடது, அவளை ஒண்ணும் பண்ணாதே" என்று அம்பாளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரம் காட்டி, நானே எடுத்துக் கொடுத்தேன்.

சந்தனம் காய்ந்து ஒரு பொத்தான் அமுங்கவே மாட்டேன் என்றது.

"அனுப்பற பொத்தானே இதுதாம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிச் சுரண்டினேன். ஒருவழியாக அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, மெஷின் ஓடுகிறது என்று. ஏதோ நானே தள்ளிவிட்டு ஓடவைத்த மாதிரி சோபாவில் சாய்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சுண்டலுக்கு வந்த தெருக்காரிகளின் கண் நேரே புத்தக அடுக்குக்குப் போயிற்று.

"என்ன மாமி, லாப்டாப்பைக் காணோம்? நாளைக்கல்லே எடுக்கணும்?"

"அது பழைய பதிப்பாக்கும். பழைய பதிப்புக்கு விஜயதசமி ஒரு நாள் முன்னாடியே வந்துடும், கேட்டேளா?"

அடுத்த வீட்டுக்காரி முகம் மலர்ந்தது. "எங்காத்துதும் பழசுதான் மாமி. எடுத்துடட்டா?"

"தாராளமா எடுங்கோ. என் மாட்டுப்பொண்ணுகிட்ட மட்டும் கேட்டுடாதேங்கோ."