பிரேசில் இல்லாத பிரேசில் படம்

போன செவ்வாய்க்கிழமை, மீன் சந்தைக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் வைத்து எனக்குப் பெரிய அவமானம் நடந்தது.

கிண்ணியா நசீர், இருபது வருடமாக என்னிடம் ஐஸ் எடுக்கிற மீன் வியாபாரி. என் போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"முதலாளி, இதில நீங்க இருக்கிறீங்க. அக்கா இருக்கிறா. பிரேசில் எங்க?"

கடையே சிரித்தது.

"இதுக்கு அவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போகணுமா? உங்கட ஐஸ் ஃபெக்டரிக் கதவத் திறந்து வெச்சு எடுத்திருக்கலாமே!"

படத்தில் நான். பக்கத்தில் என் மனைவி ரோசலின். எங்களுக்குப் பின்னால் வெள்ளை… வெறும் வெள்ளை. ரியோ டி ஜெனீரோவில் மலை உச்சியில் கை விரித்து நிற்கும் யேசு சிலை இருக்கிறதே, அதன் காலடியில் எடுத்த படம் அது. சிலை முழுக்க முகிலுக்குள்.

மூன்று கிழமையாகப் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்த மூலை ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று சில பேர் கேட்டிருந்தீர்கள். இதுதான் காரணம். நசீருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்பு. அதையும் முழுதாக முடிக்கவில்லை. நிலாவெளியில் மற்றவனுடைய வள்ளத்தில் ஏறித் தொழில் பழகினவன். இன்றைக்குத் துறைமுகப் பக்கம் எஞ்சின் வேர்க்ஷொப் ஒன்று, ஐஸ் ஃபெக்டரி ஒன்று. ஒருவரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன். இதையே எத்தனை தரம் எழுதுவீர்கள் என்று ரோசலின் கேட்பாள். எழுதாவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒரு விஷயம் நான் எழுதினதில்லை.

கல்யாணம் முடித்த இரண்டாம் வருடம், நடுக்கடலில் எஞ்சின் நின்று நாலு நாள் நீரோட்டத்தில் இழுபட்டேன். கரையில் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். ரோசலின் விடவில்லை. எங்கள் குடிசையில் ஒரு நாட்காட்டி தொங்கியது, கப்பல்காரர் ஒருவர் தந்தது. அதில் இந்தச் சிலைதான். கீழே கடல், மேலே கை விரித்த யேசு. அதன் முன்னால் முழங்காலில் இருந்து நேர்ந்திருக்கிறாள்.

"என்ட மனிசனைக் கரை சேர்த்துவிடும். அவரையும் கூட்டிக்கொண்டு உம்மட காலடிக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துவன்."

அது எந்த நாடு என்றுகூட அவளுக்கு அப்போது தெரியாது!

ஐந்தாம் நாள் நான் கரை சேர்ந்தேன். நேர்த்தி அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் கோவில் பங்கில் மற்றப் பெண்கள் மடு மாதாவுக்கு நேருவார்கள். ஒரு பஸ் ஏறினால் காரியம் முடியும். இவள் நேர்ந்தது உலகத்தின் அடுத்த பக்கம். அப்போதிருந்த சுவாமியார்கூட, "வேற நல்ல காரியம் ஒண்டைச் செய்து நேர்த்தியை மாத்தலாம் பிள்ளை" என்று சொல்லிப் பார்த்தார்.

"சொன்னது சொன்னதுதான் சுவாமி" என்று வந்துவிட்டாள்.

நாற்பது வருடம். சண்டை, சுனாமி, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணங்கள்… ஒரு நாள்கூட அவள் என்னை நெருக்கவில்லை. ஆனால் வீடு மாறும்போதெல்லாம் அந்த நாட்காட்டியும் கூடவே மாறியது. மாதங்கள் எல்லாம் கிழிந்துபோய்ப் படம் மட்டும் மிச்சம்.

போன வருடம் எங்கள் கடைசி மகள் ஜெனிற்றாவுக்கு சாவோ பாலோவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது.

"அப்பா, அம்மாவின்ட நேர்த்தி பக்கத்தில வந்திட்டுது" என்றாள்.

பக்கமாம்! ஒரு முழுநாளுக்கு மேல் ஆகாயத்தில் இருந்தோம். ஆனால் நான் ஒன்று முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

முதலில் சாவோ பாலோ. கடல் இல்லாத ஊர். யன்னலைத் திறந்தால் இன்னொரு யன்னல் தெரியும். எனக்கு முதல் இரண்டு நாளும் மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் ஞாயிறு. அங்கே ஞாயிறு என்றால் நகரத்தின் பெரிய வீதியையே வாகனங்களுக்கு அடைத்துவிடுகிறார்கள். நடு வீதியில் கதிரை போட்டு இருக்கிறார்கள், மேளம் அடிக்கிறார்கள், என் வயதுக்காரர்கள் சோடி சோடியாக ஆடுகிறார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். ஆடினேனா? அது எங்கள் வீட்டு விஷயம்.

அந்த வீதியிலேயே சிவப்புக் கால்களில் தொங்குகிற மாதிரி ஒரு மியூசியம். பெரிய பெரிய ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல் கண்ணாடியில் நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாரும் முன்பக்கம் பார்த்தார்கள். நான் பின்பக்கம் போனேன். அவ்வளவு பாரமான கண்ணாடி எப்படி நிற்கிறது? கொங்கிரீட் கட்டையை வெட்டி, கண்ணாடியை இறக்கி, மர ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒரு மர ஆப்பு! எங்கள் வேர்க்ஷொப்பில் நான் செய்வதுதான். அங்கே அதற்குப் பெயர் கலை.

பாஷை? அதையும் சொல்ல வேண்டும். மகள் பட்டதாரி, போனைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தாள். நான் பாண் என்றேன், பாண் வந்தது. மேசை என்றேன், மேசைக்குக் கூட்டிப் போனார்கள். சப்பாத்துக் கடையிலும் அப்படியே. அங்கே பேசுவது போர்த்துக்கீசம்; அந்தப் பறங்கியர் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொற்களை நான் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பிறகு ரியோ. கடல், கடலுக்குள் இருந்து எழும்பினது மாதிரி மலைகள். நடைபாதைக் கல்லில்கூட அலை அலையாகக் கறுப்பும் வெள்ளையும். கம்பியில் தொங்கிப் போகிற காரில் ஏற்றி ஒரு மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோய், "எப்பிடி அப்பா எங்கட துறைமுகம்?" என்று ஜெனிற்றா கேட்டாள். அவள் ஏதோ கட்டினது மாதிரி! நல்ல குடாதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கொட்டியாரக் குடாவைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வாய் பிளக்க ஏலாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரியோவில் எங்களுக்கு மூன்று நாள். முதல் இரண்டு நாளும் மலை உச்சியில் முகில். மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் கண்ணாடி மாதிரி. சிலைக்குப் போகிற மலை ரயிலில் பத்து மணிக்கு இடம் பதிவு செய்திருந்தோம். அடுத்த நாள் விடியவே விமானம். இதை விட்டால் வேறு நாள் கிடையாது.

பெண்கள் உடுத்தி வெளிக்கிடட்டும் என்று நான் கடற்கரைக்கு இறங்கினேன். போனை அறையிலேயே விட்டுவிட்டேன். கொப்பகபானாக் கடற்கரையின் ஒரு தொங்கலில், பழைய கோட்டைக்குப் பக்கத்தில், மீன்பிடி வள்ளங்கள் நிற்கின்றன. உல்லாசப் பயணிகள் குடை விரித்துப் படுத்திருக்கிற அதே மணலில்! அந்த நேரம் பார்த்து ஒரு வள்ளம் கரை பிடித்தது.

நிலாவெளிக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கரைக்கு வருகிற வள்ளத்தைக் கண்டு கை கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. தெரிந்தவனோ தெரியாதவனோ, போய்க் கை போட்டு மேலே ஏற்ற வேண்டும். கை போட்டவனுக்குக் கறிக்கென்று ஒரு மீன் கொடுப்பார்கள், அதுதான் கறிமீன். அதை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது, எறியவும் கூடாது. அது அந்த வள்ளத்தையே பழிக்கிற மாதிரி.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். உருளைக் கட்டை போட்டு அவர்களும் எங்களைப் போலத்தான் ஏற்றுகிறார்கள். ஒரு வள்ளம் ஏற்றினோம். பின்னாலேயே அடுத்தது வந்தது. பிறகு இன்னொன்று… பாதியில் விட்டுவிட்டு வர மனம் வருமா?

கடைசியில் ஒருவர் பெருவிரலை உயர்த்திக் காட்டி, விளைமீன் சாதி மாதிரி ஒரு மீனை என் கையில் வைத்தார். இரண்டு கிலோவுக்குக் குறையாது. நானும் பெருவிரலைக் காட்டினேன்.

ஹோட்டல் வாசலில் ரோசலின் நின்றாள். மூத்த மகளின் கல்யாணத்துக்குக் கட்டின சேலை. கைப்பையில் எங்கள் கோவிலில் மந்திரித்த மெழுகுதிரி.

"எங்க போனனீங்கள்?"

"வள்ளம் வந்தது."

"நான் நாப்பது வருசம் பொறுத்தனான். உங்களுக்கு ஒரு வள்ளத்தை விட ஏலாதா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. ஜெனிற்றாதான் கதைத்தாள்.

"ரெயில் போயிட்டுது அப்பா. பின்னேரம் வரைக்கும் எல்லா ரெயிலும் நிறைஞ்சிட்டுது."

"வேற வழி?"

"வான் போகுதாம். எவ்வளவு நேரம் லைனில நிக்கவேணுமோ தெரியாது."

"நிப்பம்."

"அந்த மீனை எங்கயாவது போட்டிட்டு வாங்கோ."

"கறிமீனைப் போட ஏலாது, பிள்ளை."

ஹோட்டல் குசினிக்காரர் மீனைக் கண்டதுமே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். இளநீர் விற்கிறவரிடம் ஐஸ் கேட்டேன். ஒரு படை ஐஸ், மீன், மேலே இன்னொரு படை, இரண்டு பையில் சுற்றி இறுக்கினேன். ஐஸ் போடத் தெரியாதவனா நான்?

வரிசையில் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் முறை வந்ததும் வான் டிரைவர் பையைக் காட்டி ஏதோ சத்தம் போட்டார். மொட்டைத் தலை, பெரிய வயிறு, பெயர் செபஸ்தியாவோ. எங்கள் பங்கில் இருந்திருந்தால் செபஸ்தியான்.

"மீன் வரக்கூடாதாம் அப்பா."

"வராட்டி நானும் வரேல்ல எண்டு சொல்லு."

"அப்பா!"

நான் பையைத் திறந்து அந்த மனிதரின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். புது மீனுக்கு மணம் ஏது? அவர் மோந்தார். ஐஸ் போட்ட விதத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையை வாங்கித் தன் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஏறு என்று கை காட்டினார்.

மலையில் பாதி ஏறும்வரை வெயில். அதற்கு மேலே முகில் வந்து மூடிக்கொண்டது. வான் நின்றதும், சிலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பத்திடம் ஜெனிற்றா விசாரித்தாள். பதினொரு மணி வரைக்கும் எல்லாம் துப்புரவாகத் தெரிந்ததாம். பத்து மணி ரயில்காரர் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

ரோசலின் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்த்து ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வான் நின்ற இடத்திலிருந்து சிலைக்குப் படிகள். லிஃப்ட்டும் இருக்கிறது. அவள் லிஃப்ட்டில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். நேர்த்திக்கு வந்தவள் நடந்துதான் போவாளாம். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள்! இருபது படி ஏறினாள், நின்றாள். ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் ஜெனிற்றா பிடிக்க வருவதற்குள் ஒரு பெரிய கை வந்து தாங்கியது. செபஸ்தியாவோ. மெழுகுதிரியைக் கண்டிருக்கிறார். வானைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் அவர் தன் பாஷையில் எண்ணினார், அவள் தமிழில் எண்ணினாள்.

உச்சியில் சிலையின் பீடம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கால் எது, முகம் எது? எல்லாம் வெள்ளை.

காற்றில் மெழுகுதிரி பற்றவில்லை. ஜெனிற்றா நாலைந்து தரம் முயன்று பார்த்தாள். நான் வாங்கினேன். கடலில் சோளகக் காற்றில் பீடி பற்றவைத்த கை இது. தொப்பியைக் கழற்றிப் பிடித்து ஒரே குச்சியில் கொளுத்தினேன். தொப்பிக்குள் சுடர் நின்றது. ரோசலின் முழங்காலில் இருந்தாள்.

செபம் முடிந்ததும் நான் சொன்னேன்:

"காத்து கடலில இருந்துதான் வருகுது. அரை மணித்தியாலத்தில முகில் விலகும். இருப்பம்."

இருந்தோம். விலகவில்லை. இன்னும் அரை மணித்தியாலம். ம்ஹூம். என் காற்றுக் கணிப்பு அந்தக் கடலுக்குச் சரிவரவில்லை. நான் பிழை என்று நானே எழுதுவது அபூர்வம், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் நான் அசையவில்லை. இரவு மூடும்வரை இருக்கத் தயார். நாற்பது வருடம் காத்திருந்தவளுக்கு அந்த முகத்தைக் காட்டாமல், ஒரு வள்ளத்துக்காகக் கெடுத்துவிட்டேன் என்று எப்படி இறங்குவது?

காலையிலிருந்து என்னோடு பேசாதவள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ. முகத்தைப் பாக்கிறன் எண்டா நேர்ந்தனான்?"

நான் மேலே முகிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு காலடிக்கு வாறன் எண்டுதான் நேர்ந்தனான். இந்தா காலடி. இந்தா நீங்கள். எழும்புங்கோ, அந்த மனிசன் எங்களுக்காக நிக்குது."

எழும்பினேன். ஜெனிற்றா அந்தப் படத்தை எடுத்தாள். கீழே இறங்கியதும் சீட்டுக்கு அடியில் இருந்த பையை எடுத்து செபஸ்தியாவோவின் கையில் வைத்தேன். அவர் வேண்டாம் என்று மறுத்தார்.

"கை போட்டவருக்குக் கறிமீன். சொல்லிவிடு" என்று மகளிடம் சொன்னேன். என்ன சொன்னாளோ தெரியாது. அவர் பெருவிரலை உயர்த்தினார்.

இதையெல்லாம் கேட்ட நசீர் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்:

"மீன் கெடாம இருக்க ஐஸ் காணுமா இருந்துச்சா?"

"என்ட ஐஸா அது? அந்தூர் ஐஸ். ஆனா கட்டினது நான்."

"அப்ப சரி."

இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் பழைய நாட்காட்டிப் படம் இல்லை. அதே ஆணியில் இந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள் ரோசலின். வருகிறவர்கள் எல்லாரும் நசீர் கேட்டதையே கேட்கிறார்கள்.

படத்தில் பிரேசில் இல்லை, சரி. நான் இருக்கிறேனா இல்லையா?