ஏழு சிரட்டைகளும் பாறசாலைக் கிளையும்

கொல்லம் 1094-ஆம் ஆண்டு, மாசி மாதம் ஏழாம் தேதி. விழித்ததும் ஜெபம் செய்தேன். கிணற்றடியில் குளித்தேன். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, முந்தின நாள் வெயிலில் காயவைத்த கட்டுத்துணிகளை அகலம் பார்த்து மடித்து அடுக்கினேன். பழங்கஞ்சி குடித்துவிட்டு, வாசலில் காத்திருந்த இரண்டு பேரைப் பார்த்து அனுப்பினேன். ஒருவருக்குக் கணுக்கால் பிசகல், இன்னொருவருக்குப் பழைய தோள்வலி. பிறகு சங்க அறையின் சாவியை மடியில் செருகிக்கொண்டு சந்தை ரோட்டுக்கு நடந்தேன். அதுவரை அது எல்லா நாளையும் போன்ற ஒரு நாள்.

எங்கள் பகுதி வைத்தியர்களின் சங்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் தலைமை உண்டு. பாறசாலையில் இருந்தது அதன் கிளை. உறுப்பினர்கள் ஏழு பேர், நான் காரியதரிசி. நாங்கள் எல்லோரும் எலும்பு முறிவும் உளுக்கும் பார்ப்பவர்கள். பனை நிறைந்த ஊரில் அந்த வேலைக்குக் குறைவு வராது. ஏழு பேரில் நால்வர் சைவ வீட்டுக்காரர்கள், மூவர் என்னைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்.

கிளையை நடத்துவது கட்டுப் போடுவதைவிடக் கடினமான வேலை என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துகொண்டேன். யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று முடிவாகாமலே அன்று வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு விதி எழுதிக்கொண்டு போனேன்: வருகிற வரிசையில் உட்கார வேண்டும். எங்கள் தலைவர் நிலபுலம் உள்ள சைவ வீட்டுப் பெரியவர். அவர் விதியை எதிர்க்கவில்லை. முன்பெஞ்சை யாருக்கும் விடக்கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காரத் தொடங்கினார். அவர் வந்து காத்திருக்கிறார் என்பதற்காக மற்றவர்களும் விரைந்து வந்தார்கள். இந்தத் தாலுகாவில் சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிற கூட்டம் எங்களுடையது ஒன்றுதான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. ஆஜர் கூப்பிட்டால் ஏழு பேரும் "உண்டு" என்று சொல்லும் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

அந்த மாசி மாதத்தில் கிளைக்கே ஆபத்து வந்திருந்தது. சிறிய கிளைகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடத் தலைமைச் சங்கம் தீர்மானித்தது. தனியாக இருக்க விரும்பும் கிளை, ஏதாவது ஒரு சிகிச்சையில் தன் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே முறையைக் கையாளுவதாகக் காட்ட வேண்டும். மருந்தில் சேருகிற ஒவ்வொரு சரக்கையும் எழுதி எல்லோரும் கையொப்பமிட வேண்டும். அதைப் பார்க்கத் தலைமையிலிருந்து ஒருவர் ஏழாம் தேதி வருவார். காட்ட முடியாவிட்டால் நாங்கள் நெய்யாற்றின்கரைக் கிளையோடு சேர வேண்டும்.

சேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் ஏழு பேரில் ஒருவரான பொழியூர் வைத்தியரைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். கடலோர மணலில் நடந்தே வருபவர் அவர். காலில் பழைய முறிவு ஒன்று கோணலாகக் கூடியிருந்தது. விடியுமுன் கிளம்பினால்தான் பாறசாலைக்கே நேரத்தோடு வந்து சேருவார். "நெய்யாற்றின்கரைக்கு என்னைக் கட்டில்ல வச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அவருக்கு அது விளையாட்டு இல்லை. கடலோரத்தில் அவர் ஒருவர்தான் வைத்தியர். மாதத்தில் ஒரு நாள் தன் தொழில் தெரிந்தவர்களோடு பேச அவருக்கு இருந்த ஒரே இடம் எங்கள் அறை.

முறிந்த கைக்கு மாவு குழைத்துப் பூசிப் போடும் பற்றுக்கட்டையே காட்டுவது என்று முடிவு செய்தோம். சரக்குகளை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, மஞ்சள், அரிசிக் கஞ்சி. ஏழு பேரும் இதையே சொன்னோம். இவ்வளவு எளிதாக ஒத்துப்போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. முந்தின வாரம் ஓர் ஒத்திகை வைத்தேன். கை முறிந்த ஆள் கிடைக்காததால் ஓர் உலக்கையில் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றி வெயிலில் சாய்த்தோம்.

காய்ந்ததும் கட்டு வயல் வெடிப்பதுபோல வெடித்தது. தலைவர் உலக்கையைத் தூக்கியதும் பொலபொலவென்று அவர் வேட்டியில் கொட்டியது.

"உளுந்து பழசாக்கும்" என்றார் தலைவர், வேட்டியைத் தட்டிக்கொண்டே.

"புது உளுந்து, பெரிய வைத்தியரே. நான்தான் சந்தையில வேண்டிக்கொண்டு வந்தேன்" என்றார் பொழியூர் வைத்தியர்.

"அப்பம் வெயிலு கூடுதல்."

சைவ வீட்டுக்காரரான திருப்புறத்து வைத்தியருக்கு வாய் சும்மா இருக்காது. "எலே, உலக்கைக்கு ஏது எலும்பு? அதுதான் கூட மாட்டேங்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சுவரைத்தான் பார்த்தேன்.

அந்தக் கட்டு ஏன் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மற்ற ஆறு பேருக்கும் தெரியும் என்பதை அவர்கள் முகத்திலிருந்தே அறிந்தேன். அதில் கோழிமுட்டையின் வெள்ளைக்கரு இல்லை. அதைச் சேர்த்தால்தான் பற்று கல்லாக இறுகும். என் வீட்டில் தலைமுறையாகச் சேர்த்து வருகிறோம். ஆனால் வெளியே சொல்லமாட்டோம். சொன்னால் சைவ வீட்டு நோயாளிகள் படியேற மாட்டார்கள். சைவ வைத்தியர்கள் சொல்லாததன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தலைவர் வீட்டு வேலைக்காரி இருட்டுகிற நேரத்தில் எங்கள் பின்வேலிக்கு வருவாள். என் மனைவி முட்டைகளைத் தவிட்டுப் பானைக்குள் புதைத்துக் கொடுப்பாள். இது வருடக்கணக்காக நடந்து வந்தது. ஆனால் தலைவரோடு நான் பேசும்போது என் வீட்டில் கோழி இருப்பதாகவே இரண்டு பேரும் காட்டிக்கொண்டதில்லை.

தலைவரை எல்லோர் முன்பும் வெட்கப்படுத்திக் கிளையைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை. அப்படிக் காப்பாற்றினால் அடுத்த கூட்டத்துக்கு முன்பெஞ்ச் காலியாக இருக்கும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஆறு பேருக்கும் ஒரே செய்தியை வாய்வழியாகச் சொல்லி அனுப்பினேன்: 'ஏழாம் தேதி வரும்போது, உங்கள் வீட்டில் பற்றுக்குக் கடைசியாக எதைச் சேர்ப்பீர்களோ அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மூடிக்கொண்டு வாருங்கள். என்னவென்று யாரும் கேட்கப்போவதில்லை.'

ஏழாம் தேதி அறையைத் திறந்து பெருக்கினேன். பெஞ்சுகளைத் துடைத்தேன். மூலையில் ஒரு பாயைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டி, அதற்குப் பின்னால் பற்றுச் சட்டியை வைத்தேன். தலைவர் வழக்கம்போல முதலில் வந்தார். அவர் சிரட்டை வாழையிலையால் மூடி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதை என்னிடம் நேராகத் தராமல் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். பொழியூர் வைத்தியர் தன் சிரட்டையைத் தலைப்பாகைத் துணியால் சுற்றி, கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

ஆஜர் எடுத்தேன். ஏழு 'உண்டு'. பிறகு என் சிரட்டையையும் சேர்த்து எல்லாவற்றையும் மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஏழாவதைத் திறந்தபோது என்னையறியாமல் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன வே செக்ரட்டரி, என்ன இளிப்பு?" என்றார் தலைவர்.

"ஏழும் ஒண்ணு தான், பெரிய வைத்தியரே."

"எது ஒண்ணு?"

"ஏழு சிரட்டையிலயும் உள்ளது ஒண்ணு தான்னு சொல்லுதேன். பேரை நான் சொல்லமாட்டேன். ஆனா வாறவரு எல்லாச் சரக்கையும் எழுதிக் காட்டணும்னு கேப்பாரு. எழுதாட்டா நெய்யாற்றின்கரைதான்."

பொழியூர் வைத்தியர் தன் கோணல் காலைத் தடவிக்கொண்டிருந்தார். தலைவர் அதைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏழிலயும் அதுதானா?"

"அதுதான்."

"அந்தத் திருப்புறத்துக்காரனுக்க சிரட்டையிலயுமா? பூண்டு வாடை வந்தாலே மூக்கைப் பொத்துவானே!"

"பொத்துனது மூக்கை, கையை இல்லியே" என்றார் திருப்புறத்து வைத்தியர்.

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒருத்தன் செஞ்சா நாணக்கேடு. ஏழு பேரும் செஞ்சா அது வைத்தியமாக்கும். முட்டைன்னு எழுதும், வே. நல்லா தெளிவா எழுதும். முதல் ஒப்பு எனக்க ஒப்பு" என்றார்.

எழுதினேன். தலைவர் முதல் ஒப்பைப் போட்டார், பிறகு மற்ற ஆறு பேரும் போட்டோம்.

தலைமைச் சங்கத்துக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார். நெற்றியில் குறி, தோளில் மடித்த சரிகைத் துண்டு, குறைந்த பேச்சு. அன்று எங்களுக்கு ஆளும் கிடைத்திருந்தார்: முந்தின நாள் பனையிலிருந்து வழுக்கி விழுந்து முன்கை முறிந்த ஒரு பனையேறி. ஏழு பேர் சுற்றி நிற்பதைப் பார்த்து அவர் பயந்துபோனார்.

"எனக்குள்ளது ஒரு கையி. அதுக்கு ஏழு வைத்தியன்மாரா? ஆளுக்கொரு பக்கம் இழுத்துராதீங்க, சாமி."

"இழுக்கது ஒருத்தன்தான், மக்கா. மத்தவங்க வேடிக்கைக்கு" என்றார் தலைவர்.

எலும்பைப் பிடித்து நேராக்கியது பொழியூர் வைத்தியர். அது ஏற்கெனவே முடிவு செய்தது. அவ்வளவு மெதுவான கையை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஏழு சிரட்டையிலும் இருந்ததைச் சேர்த்துப் பற்றை நான் குழைத்தேன், திருப்புறத்து வைத்தியர் பூசினார், தலைவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பனையேறியை வெயில் படும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, வந்தவரைத் தலைவர் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்.

அவர்கள் திரும்பி வந்ததும் வந்தவர் நேராகப் பனையேறியிடம் போனார். விரல் முட்டியால் கட்டைத் தட்டினார். மரத்தில் தட்டுவதுபோலக் கேட்டது. அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

"சரக்குகளை வாசிக்கலாம்" என்றார்.

நான் எழுந்தேன். தலைவர் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு தானே வாசித்தார். உளுந்து, பிரண்டை, மஞ்சள், கஞ்சி. கடைசிச் சொல்லுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தவில்லை. கொஞ்சம் உயர்த்தினார் என்றே சொல்ல வேண்டும். வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தலைவர் நெற்றியில் இருந்த திருநீற்றையும் பார்த்தார்.

"நான் பல கிளைகள் பார்த்தாச்சு" என்றார் மெல்ல. "எல்லாயிடத்திலும் கட்டு இதுபோல இறுகும். இந்தச் சொல் மட்டும் ஓரிடத்திலும் எழுதிக் கண்டதில்லை." பிறகு காகிதத்தின் அடியில் தன் ஒப்பைப் போட்டார். "பாறசாலை தனியாகவே இருக்கட்டும்."

வண்டி கிளம்பிப் போன பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பொழியூர் வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் எந்தத் தேதி?" என்று கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த தேதிதான். இருந்தாலும் எழுந்து நின்று முறையாக அறிவித்தேன்.

"செரி, வாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மணல் வழிக்கு நடந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கோழிக்கூட்டுக்குப் போய் ஒரு முட்டையை எடுத்தேன். அதைத் தவிட்டுக்குள் புதைக்காமல், கையில் பிடித்தபடியே சந்தை ரோடு வழியாக நடந்து சங்க அறைக்குப் போனேன். அதை உடைத்து, வெள்ளைக்கருவைக் கொஞ்சம் உளுந்து மாவில் ஊற்றிக் குழைத்தேன். சரக்குகளை எழுதி ஏழு பேரும் கையொப்பமிட்ட அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை, தெருவில் போகிறவர்கள் படிக்கும் உயரத்தில், வெளிச்சுவரில் அந்தப் பற்றையே பூசி ஒட்டினேன்.

இதுவரை பெயர்ந்து வரவில்லை.