புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு வைன் போத்தல்

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் என் மகள். கேட்கவில்லை. ஆஸ்திரியாவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பையனை நியூசிலாந்தில் மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அதுவும் புரட்டாசி சனிக்கிழமை! 2015 என்று நினைக்கிறேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சியும் கிடையாது, மதுவும் கிடையாது. மலேசியாவிலிருந்து கொண்டுவந்த பழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்?

"அப்பா அவனோட ஒக்காந்து சாப்பிடலன்னா, நான் அவனோட ஆஸ்திரியாவுக்கே போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அப்பனோ, "நான் ஒக்கார மாட்டேன்" என்றார். இவருக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும்?

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருமாளுக்குப் படையல் போட்டேன். சோயாவில் செய்த சைவ மட்டன் பிரட்டல், மிளகு ரசம், இங்கே புரட்டாசியில்தான் வசந்தகாலம் என்பதால் அப்போதுதான் கடைக்கு வந்திருந்த அஸ்பாரகஸ் தண்டில் தேங்காய் போட்டுப் பொரியல். உப்பு போட்டேனா இல்லையா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தே கால் ஓய்ந்துவிட்டது.

மகளோடு பையன் வந்தான். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினான். கையில் சில்லென்று ஒரு போத்தல். அவன் அப்பா போட்ட வெள்ளை வைனாம், க்ரூனர் வெல்ட்லினர் என்று பேராம்.

"பெருமாள் படையல் போட்ட வீட்ல போத்தலா?" என் வீட்டுக்காரர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பாவம், அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையைக் காட்டி மெதுவாகச் சொன்னான்: அஸ்பாரகஸோடு குடித்தால் மற்ற வைன் எல்லாம் வாயில் இரும்பாகக் கசக்குமாம், இது மட்டும்தான் ஒத்துப்போகுமாம். வசந்தகாலத்தில் அவர்கள் வீட்டிலும் இதே சாப்பாடுதானாம்.

"ஒக்காருடி!" என்று மகளை அதட்டினேன். போத்தலின் மூடியைத் திருகி டம்ளரில் ஊற்றினேன். சாமி கும்பிட்ட அதே கையால்தான். பரிமாறாமல் விருந்தாளியோடு உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான், வைனை வாயில் வைத்ததும் அன்றைக்குத்தான். எலுமிச்சையைக் கடித்த மாதிரி முதலில் சுள்ளென்றது. பிறகு பச்சை ஆப்பிள் வாசம். கடைசியில் தொண்டையில் மிளகுக் காரம். பொரியலை ஒரு வாய் தின்று இன்னொரு மிடறு குடித்தேன். ஐயோ, நன்றாகத்தான் இருந்தது! அதுதான் பயமாகவும் இருந்தது.

"பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க மொதல்ல வெளிய வாங்க!" என்று கத்தினேன்.

கதவு திறந்தது. என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். போத்தல் பக்கம் திரும்பவேயில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே மகளிடம் தமிழில் சொன்னார்:

"பொண்ணு கேக்கணும்னா பெத்தவங்க நேர்ல வரணும். போத்தல கொடுத்து அனுப்பிட்டா ஆச்சான்னு கேளு அவன."

மகள் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் இங்கிலீஷில் பையனிடம் சொன்னேன், "உங்க அம்மா அப்பாவ கூட்டிட்டு வா."