தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளைப் பற்றிக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். பல நாடுகள் சேர்ந்து முதல் போட்ட வங்கி; அந்த நாடுகளின் பலத்தில் குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டி, நம்முடையது போன்ற அரசுகளுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுக்கும். நிபந்தனைகள் நிறைவேற நிறைவேறத்தான் பணம் இறங்கும். அந்தப் பணம் எங்கள் மேல்மலை ஊரின் வாசல்வரை வந்து திரும்பியதை நானே நின்று பார்க்க நேர்ந்தது.

எங்கள் ஊருக்கு ஜீப் வராது. பூண்டும் கேரட்டும் மட்டக்குதிரை முதுகில் தார்ச்சாலைக்கு இறங்கி, அங்கிருந்து லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் காய் மூட்டையிலேயே அழுகும். வங்கிக் கடனில் இணைப்புச் சாலை வருகிறது என்றதும், அது போகும் வழியிலுள்ள தோட்டக்காரர் அனைவரும் நிலத்தை இலவசமாகவே தருவதாக ஊர்ப் பெரியவர் கூட்டத்தில் அறிவித்தார். அவர் என் பெரியப்பா மகன்.

வங்கியிலிருந்து வந்த அம்மையாருக்கு அது போதவில்லை. இலவசமாக நிலம் தருவோர் ஒவ்வொருவரையும் தனியே கேட்கவேண்டும், மறுக்கவும் உரிமை உண்டென்று சொல்லவேண்டும் என்பது வங்கியின் விதி. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் பிழையின்றித் தமிழில் சொன்னேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய மறைந்த தம்பியின் மனைவிக்கும், அதாவது என் மதினிக்கும், அந்த வழியில் ஒரு பூண்டுத் தோட்டம் இருந்தது.

"எங்க ஊருல ஒருத்தர் சொன்னா ஊரே சொன்ன மாதிரிங்க. வீட்டுப் பொம்பளையத் தனியாக் கூப்பிட்டு விசாரிக்க இது என்ன போலீஸ் டேசனா?"

"கேட்டுட்டுப் போகட்டும்ண்ணே. அவங்க விதி அது."

"ஏலே, நாலெழுத்துப் படிச்சவன்னு கூட்டியாந்தா, நீ பேங்க்குல சம்பளம் வாங்குறவனாட்டம் பேசுற!"

கூட்டம் சிரித்தது. அதற்கு மேல் வாதாடுவது எனக்கு மதிப்பாகப் படவில்லை. அம்மையார் கைகூப்பிவிட்டு ஜீப் நின்ற இடத்துக்கு நடந்தார். தனியே கேட்க ஊர் கடைசிவரை இசையவில்லை. அந்தக் கடனிலிருந்து எங்கள் சாலையை நீக்கி, வேறொரு ஊருக்குக் கொடுத்தார்கள்.

சென்ற மழைக்காலத்தில் மதினியைத் தடத்தில் கண்டேன். குதிரைமேல் மூட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க, மதினி?"

"குடுத்திருப்பேன், கொழுந்தனாரே. ரோட்ட நடுவுல விடாம கீழ் வரப்பு ஓரமாக் கொண்டுபோங்கன்னு மட்டும் சொல்லியிருப்பேன். பாதித் தோட்டமாவது மிஞ்சியிருக்கும்ல." கயிற்றை முடிந்தார். "வெரசாப் போகணும். லாரிக்காரன் நிக்கமாட்டான்."

சேற்றில் குதிரையை அதட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.