தேவை: நோயில்லாத ஒருவர்

நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லாத அந்த மருத்துவமனையில், நோயில்லாதவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. ஒரு நல்ல உடம்பில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை இருக்க வேண்டும் என்று பரிசோதனைக்கூடம் வைத்திருந்த அளவு, எங்கோ வெளிநாட்டு மனிதர்களின் ரத்தத்தில் எண்ணியது. "இனிமே நம்ம ஊர் ரத்தத்துலயே எண்ணுவோம்" என்றார் டாக்டரம்மா. நூற்றிருபது ஆரோக்கியசாலிகளைப் பிடித்துவரும் வேலை, ரத்தம் எடுக்கும் ஊசியக்காவின் தலையில் விழுந்தது.

அவர் வருவதைப் பார்த்தால் காவலாளி கழிப்பறைக்குள் ஒளிந்தார். "எனக்கு இல்லாத வியாதியே இல்லக்கா, ஆளை விடுங்க" என்று கும்பிட்டார் கேன்டீன்காரர். கெஞ்சி, மிரட்டி ஆள் சேர்த்தும் கடைசியில் ஒருவர் குறைந்தார். அக்கா தன் வீட்டுக்காரரையே இழுத்துவந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் ஏறி இறங்கியே இறுகிப்போன உடம்பு.

"இத்தனை வருஷமா என் ரத்தத்தைக் குடிச்சது போதலையா?" என்றபடி அவர் கையை நீட்டினார்.

தொற்று, சர்க்கரை என எல்லாச் சோதனையிலும் தேறினார். தெருமுனை டீக்கடையில் அன்று அவர் பேச்சு முழுக்க அதுதான்.

ரத்தம் பிடித்த குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும். ஆனால் எண்ணை ஒட்டியவர் அக்காதானே? வீட்டுக்காரரின் குழாயில் எதிர்ப்பு அணுக்கள் மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. இந்த அணுக்கள் குறைந்தவர்களை அக்கா வார்டில் பார்த்திருக்கிறார். வெறும் சளியென்று வந்து படுத்தவர்கள், எழுந்து போகவில்லை.

"மெஷின் கோளாறா இருக்குமா டாக்டர்?"

"ரெண்டு தடவை ஓட்டியாச்சும்மா. நல்லா இருக்கிற நூறு பேரை எண்ணினா, ரெண்டு மூணு பேர் இப்படி அடியில நிப்பாங்க. அவங்களுக்கு அதுதான் இயல்பு."

"அப்ப இவரு அந்த ரெண்டு மூணு பேர்ல ஒருத்தரா, இல்ல சீக்காளியா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்த வரம்பையே போடுறோம்? சில வாரம் போகட்டும், திரும்ப எடுத்துப் பாப்போம்."

கதவைத் திறந்துவிட்டு, உள்ளே சுவரைக் காட்டுகிற பதில்.

அந்தச் சில வாரமும் அக்கா வீட்டுக்காரரின் தும்மலுக்குக் காது கொடுத்தே வாழ்ந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த பக்கத்துவீட்டுக்காரரை, "அவர் ஊர்ல இல்லீங்க" என்று வாசலோடு அனுப்பினார். உள்ளேயிருந்து ஊரில் இல்லாதவர் உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

"என்ன, என் மூஞ்சியையே பாத்துட்டு இருக்கே? புதுசா மயங்கிட்டியா?"

"ஆமா, பெரிய மன்மதன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

மறுபடி ரத்தம் எடுக்கிற நாள் வந்தது. "என் ரத்தம் ருசி போல, திரும்பக் கேக்குறாங்க" என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர். கண்ணை மூடிக்கொண்டே நரம்பைப் பிடித்துவிடும் அக்காவுக்கு இன்று ஊசி தவறியது. மறுபடியும் தவறியது.

அவர் சிரிப்பு நின்றது. "என்னடி? சொல்லு."

சொன்னார். வார்டில் படுத்து எழாதவர்களைப் பற்றியும் சொன்னார்.

"எனக்கு வலி கிலி ஒண்ணும் இல்லையே" என்றார் அவர், அங்கே இல்லாத யாரிடமோ வாதாடுவது போல. பிறகு மற்றக் கையின் சட்டையை மடிக்கப் போனார். பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. அக்காதான் கழற்றிவிட்டார்.