கசிந்த ஆணி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பட்டறையில் சம்மட்டி பெண்ணுடையது, கைச்சுத்தி ஆணுடையது. பழுத்த இரும்பைக் குறட்டில் பிடித்து, அடி விழவேண்டிய இடத்தைக் கைச்சுத்தியால் தட்டிக் காட்டுவார் அய்யா. காட்டிய இடத்தில் சம்மட்டியைத் தூக்கிப் போடுவாள் அத்தை. யார் வகுத்த முறையோ. நெருப்புக்கு ஆணும் தெரியாது, பெண்ணும் தெரியாது. துருத்தி ஊதியவள் நான், சொல்கிறேன்.

அய்யா என் அப்பா, அத்தை அவர் தங்கை. புருசன் செத்து எங்களிடம் வந்த மறுநாளே, யாரும் சொல்லாமல் சம்மட்டியை எடுத்தவள்.

அந்தக் கோடையில் ராஜபாளையத்துத் தோட்டக்காரர் ஒருவர், மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கமலைக்கு இரும்புச் சால் கேட்டிருந்தார். தகடுகளை வளைத்து, விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றி, துளைகளில் தறையாணி செருகி, மறுமுனையையும் தலையாக அடித்து மூடவேண்டும். முதல் ஆணியோடு அய்யாவுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. மிச்ச ஆணிகளை அவர் கைச்சுத்தியை வாங்கி அத்தை அடித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு. பொம்பளை மூடிய சாலை எவன் வாங்குவான் என்று அய்யாவுக்குப் பயம். கை தேறியதும் சுத்தியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார். அத்தை அடுத்த ஆணியை உலையிலிட்டாள்.

கதவைச் சாத்தலாம், சத்தத்தைச் சாத்த முடியுமா? அய்யாவின் அடி குதிரை ஓட்டம். அத்தையின் அடி ஒவ்வொன்றும் நின்று, யோசித்து, இறங்கும். தெருவுக்கே தெரிந்துவிட்டது.

சாலை எடுக்க வந்த தோட்டக்காரர் வண்டியை விட்டு இறங்கவில்லை. “என்ன ஆசாரி, வீட்டுக்குள்ள இன்னொரு ஆசாரி இருக்காகளாமே? அவுக மூடுன சாலு, தண்ணி மொண்டு வருமா, காத்து மொண்டு வருமா?”

தெரு சிரித்தது. அய்யா தரையைப் பார்த்தார்.

“ஊத்திப் பாத்துட்டுப் பேசுங்க,” என்றாள் அத்தை.

சாலின் அடியில் நீர் வெளியேறும் தோல் வாலை மடக்கிக் கட்டி, வாசலில் சாலைத் தொங்கவிட்டு நிரப்பினோம். ஓர் ஆணியின் ஓரத்தில் நீர் துளிர்த்து, உருண்டு, விழுந்தது.

“பாத்தியளா, நாஞ் சொல்லல?” என்றார் தோட்டக்காரர்.

அது அய்யா அடித்த ஆணி. எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன், அத்தையின் கால் என் காலை மிதித்தது.

“ஒண்ணுதான கசியுது. செத்த நேரம் இருங்க. ஏட்டி, கதவ நல்லாத் தெறந்து போடு.”

நீரைக் கொட்டி, உளியால் அந்த ஆணியின் தலையைச் சீவி, தண்டைத் தட்டித் தள்ளினாள். புதிய ஆணியை உலையிலிட்டாள். சிவந்ததும் உள்ளிருந்து துளைக்குள் செருகி, “அண்ணே, முட்டுக் குடு,” என்றாள். அய்யா தெரு பார்க்க மண்டியிட்டு, சாலுக்குள் இடது கையை விட்டு, ஆணியின் அடித்தலையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்தார்.

ஆணியின் தடிப்பைப்போல ஒன்றரைப் பங்கு வெளியே நின்றது. அத்தை உடனே அதன் தலையில் அடிக்கவில்லை. துளையிட்ட கட்டையை ஆணிமேல் கவிழ்த்து, முதலில் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட அடித்தாள். அய்யா அவசரத்தில் விட்டது அதைத்தான். இடைவெளி இருந்தால் இரும்பு நடுவில் பிதுங்கி உட்கார்ந்துகொள்ளும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கசியும். அப்புறம் தண்டுக்கு நேராகச் சில அடிகள். தண்டு பருத்துத் துளையை அடைத்தது. பின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சின்ன அடிகள். குமிழ்போல் தலை எழுந்தது. அவள் கையை எடுத்த பிறகும் ஆணி வேலை செய்தது. ஆற ஆறச் சுருங்கித் தகடுகளை இழுத்து இறுக்கியது.

மீண்டும் நிரப்பினோம். தோட்டக்காரர் இறங்கிவந்து ஒவ்வொரு ஆணியாகக் கட்டைவிரலால் தடவினார். விரல் காய்ந்தே இருந்தது. சாலை ஏற்றியபின், தோல் வாலுக்கு எந்த எண்ணெய் போடுவது என்று கேட்டார். கேட்டது அய்யாவிடம் அல்ல.

கைச்சுத்தி அதன்பின் அத்தையின் கையை விட்டுப் போகவில்லை.

தோட்டக்காரர் வருவதற்கு முந்தைய சாயங்காலமே கொல்லையில் அவளே சாலை நிரப்பிப் பார்த்திருந்தாள். அய்யா அடித்த அந்த ஆணியில் ஈரம் கண்டு நான்தான் காட்டினேன். “கெடக்கட்டும்ட்டீ,” என்று விரலால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, கைச்சுத்தியின் பிடிக்கு ஆப்பு இறுக்கினாள். கசிகிற ஆணியை விட்டுவிட்டு, ஆடாத சுத்திக்கு எதற்கு ஆப்பு என்று அன்று எனக்கு விளங்கவில்லை.