காலையில் மட்டும் திக்கும் கார்

போன வாரம் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிரசவம் பார்க்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். வலி எந்த நேரத்தில் வந்தாலும் கிளம்பலாம் என்றுதான் மச்சான் ஒரு பழைய காரை வாங்கி வைத்திருக்கிறார். அந்தக் கார்... திக்குகிறது.

"ஆயுத பூசை வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, மாப்ளே. இப்ப ஸ்டார்ட் பண்ணுனா இஞ்சின் விட்டு விட்டு அடிக்குது. டேஷ்போர்டுல செவப்பு லைட்டு வேற கண்ணச் சிமிட்டுது" என்றார் மச்சான்.

அக்கா வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னாள். "நான் இதுல ஏற மாட்டேனுங்க. நடுவழில நின்னு போச்சுன்னா, போற வார லாரியிலயா புள்ள பெத்துக்கறது?"

மோட்டார் என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற ஆசாமி நான். விடுவேனா?

சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? டைனமோ சரியாகக் கரண்ட் கொடுக்கவில்லை. நேராக அங்கே பாய்ந்தேன். ஃபேன் பெல்ட்டை இறுக்கினேன். பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மத்தியான வெயிலில் ஓட்டிப் பார்த்தோம் — வழுக்கிக்கொண்டு போயிற்று. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை... பழையபடி திக்கல். பழையபடி சிவப்புக் கண்.

"நேத்து ரிப்பேர் பண்ணுனது கனவுலயா, மாப்ளே?"

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மத்தியானம் சரியாக ஓடுவது காலையில் ஏன் திக்க வேண்டும்? ராத்திரி முழுக்க ஐப்பசித் தூறல். ஆக, எங்கேயோ ஈரம்! இன்னொன்றும் உறைத்தது. இஞ்சின் திக்கித் தளர்ந்தால் டைனமோவும் மெதுவாகத்தானே சுற்றும்? விளக்கு பாவம், இஞ்சின் முனகுவதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

பானெட்டைத் திறந்து வைத்து இஞ்சினை ஓடவிட்டேன். ஷெட்டுக்குள் இன்னும் வெளிச்சம் வரவில்லை. காபியோடு வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, அதென்ன... நான் வெச்ச பொட்டு மேல மின்னுது?"

பிளக்குகளுக்குக் கரண்ட் அனுப்புகிற இக்னிஷன் காயில் அது. அதன் தலையில் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரம் குடித்த சந்தனத்தின் மேல் நீலப் பொறி ஒன்று நெளிந்து நெளிந்து இரும்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போக வேண்டியது பொட்டு வழியாகப் போனால், இஞ்சின் திக்காமல் என்ன செய்யும்?

"ஏனம்மிணி, பம்பருக்கு வெச்சாப் பத்தாதா?" என்றார் மச்சான்.

"உள்ள இருக்கறதுதானுங்க வண்டிய இழுக்குது. புள்ளையத் தூக்கிட்டு வரப்போற வண்டி. ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு பாத்துப் பாத்து வெச்சேன்."

இஞ்சினை நிறுத்திவிட்டுக் காயிலைத் துடைத்து உலர்த்தினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தேன். திக்கலும் இல்லை, சிவப்புக் கண்ணும் இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு யாரும் கூப்பிடாமலே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஆட்டையாம்பட்டி வரைக்கும் போலாமுங்க. முறுக்கு வாங்கோணும்."

ஈர ரோட்டில் போய்த் திரும்பினோம். வண்டி ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வையுங்கள்... காயிலுக்கு மட்டும் தள்ளி நின்று ஒரு கும்பிடு போதும்.